பொருள்: ‘டிரிங்க்ஹாலே’வுக்குத் தமிழ்? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

வரைகோல்: நண்பர்களே, ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரம் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். ‘டிரிங்க்ஹாலே’யில் முட்டி நிற்கிறது. 1839–42இல் ஹைன்ரிஷ் ஹூப்ஷ் கட்டியது. சுமார் 90 மீட்டர் நீளத் தூண்வரிசை, உட்சுவரில் 14 ஓவியங்கள். ஊற்றுநீரை மருந்தாகக் குடிக்க வந்தவர்களுக்கான இடம். ‘குடிமண்டபம்’ என்று போட்டேன். படித்துப் பார்த்தவர், “சாராயக்கடையா?” என்கிறார்.

வேரடி: பருகுக்கூடம். ‘பருகுவார் போலினும்’ என்று வள்ளுவரே ஆண்ட சொல். பருகு, பரவு, பரவை மூன்றும் ஒரே வேர் என்பதை இக்குழுவில் முன்பே நிறுவியிருக்கிறேன். நீர் பரந்து தொண்டையில் இறங்குவதே பருகல்...

இலக்கணி: நிறுவவில்லை ஐயா, சொன்னீர்கள். அது கிடக்கட்டும், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘ஊறுகாய்’ போலப் ‘பருகுகூடம்’தான்.

தூணடி: நான் கட்டடக்கலை படித்தவன். அங்கே யாரும் உட்கார்ந்து குடிக்கவில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சிறிது சிறிதாகக் குடிப்பதுதான் மருத்துவமுறை. மழையிலும் நடக்கத்தான் அவ்வளவு நீளம். ஆகவே ‘உலாமண்டபம்’.

வரைகோல்: அப்படியானால் பாட் கிஸ்ஸிங்கன் என்ற இன்னொரு ஜெர்மன் ஊற்றுநீர் நகரத்தில் மாக்ஸ் லிட்மன் 1910–11இல் கட்டிய ‘வாண்டல்ஹாலே’க்கு என்ன போடுவது? அதன் பெயரே உலாவும் கூடம்தான். இரண்டு ஊரும் 2021 யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒன்றாக இருப்பவை. படத்தில் அடுத்தடுத்து வருகின்றன.

தூணடி: அது இடிக்கிறதுதான். விட்டுவிடுகிறேன்.

வேரடி: பாடன்-பாடனின் ‘குர்ஹவுஸ்’ என்ன ஆயிற்று? ‘குர்’ என்றால் நலம்பெறும் சிகிச்சை. ‘நலமனை’ பொருந்தும்.

தூணடி: பொருந்தாது! வைன்பிரன்னர் 1821–24இல் கட்டியது. நடனம், கச்சேரி, சூதாட்டம் எல்லாம் அதில்தான். நலமனை என்றால் ஸ்டெதஸ்கோப்பைத் தேடுவார்கள்.

இலக்கணி: அதை ‘குர்ஹவுஸ்’ என்றே விடலாம். ‘டிரிங்க்ஹாலே’வுக்கு ‘ஊற்றுநீர் மண்டபம்’. யாருக்கும் விளக்கவுரை வேண்டாம்.

வேரடி: பருகுதலே அதில் இல்லையே! ஊற்றுநீரில் குளிக்கவும் செய்யலாம். எளிமை எளிமை என்று தமிழைத் தேய்க்கிறீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்க.

வரைகோல்: திரையில் இரண்டு நொடிதான் ஐயா. மூவர் ஒப்பியதால் ‘ஊற்றுநீர் மண்டபம்’ என்றே அனுப்புகிறேன். அடுத்து ஃப்ரீட்ரிஷ்பாட், 1877இல் திறந்த குளியல் மாளிகை...

வேரடி: ‘குளியலறை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். தனி இழை தொடங்குகிறேன்.