விட்டுவிட்டு வேகமா, ஒரே சீரான நடையா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் வசிக்கும் எனக்கு வயது 52, சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கே.ஆர்.பி. அணைப் பக்கம் காலையில் சீராக நடக்கும் நான், இடையிடையே வேகத்தைக் கூட்டினால் இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் கூடுதல் பயன் கிடைக்குமா?

பதில் 1: கிடைக்கலாம், ஐயா. உச்ச இதயத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதத்தை எட்டும்படி 4 நிமிடம் முயன்று, பிறகு 3 நிமிடம் மெதுவாக நடப்பதை நான்கு முறை செய்யும் நார்வே முறை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறனைச் சீரான பயிற்சியைவிடப் பொதுவாக அதிகம் உயர்த்துகிறது. சர்க்கரைக்கு இரண்டுமே உதவும். உழைக்கும் தசை இன்சுலினின் துணையின்றியும் குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ளும்.

பதில் 2: வேகத்தை மட்டும் பெரிதாக்க வேண்டாம். நார்வேயின் திரோன்ஹைம் நகரில் 70 முதல் 77 வயதுடையோரை 5 ஆண்டுகள் கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், வேகமாகவோ மிதமாகவோ பயிற்சி செய்த குழுக்களுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. (ஒப்பீட்டுக் குழுவினரும் சும்மா இருந்தவர்கள் அல்லர், அரசின் உடற்பயிற்சிப் பரிந்துரையைப் பின்பற்றியவர்கள்.)

பதில் 3: தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமெபிரைடு வகை என்றால், கடும் பயிற்சியின்போது சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். ஆகவே வேகத்தைக் கூட்டும் முன் மருத்துவரைப் பார்த்து, இதயத்தையும் விழித்திரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை வாரம் 150 நிமிடச் சீரான நடையே போதும்.