ஒரே செங்கல், வேறு வேறு பள்ளம்: அழுத்தத்தை எப்படிப் புரியவைப்பது?

கேள்வி (மண்டபம் வட்டார ஆசிரியை):
எட்டாம் வகுப்பில் ‘விசையும் அழுத்தமும்’ நடத்திக்கொண்டிருக்கிறேன். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று மாணவர்கள் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் செங்கல்லைப் படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் தரையின் மீது அழுத்தம் ஒன்றுதானா என்று கேட்டால், எடை மாறவில்லையே, ஒன்றுதான் என்கிறார்கள். கருவி ஏதுமின்றி இதைத் தெளிவாக்க வழி உண்டா?

மறுமொழி (தொண்டி ஆசிரியர்):
வணக்கம் அம்மா. செங்கல்லோடு கடற்கரைக்கே அழைத்துச் செல்லுங்கள். உலர்ந்த மணல் சரிந்துவிடும் என்பதால், அலை வந்து திரும்பிய ஈர மணலில் செய்வது நல்லது. செங்கல் 22 × 10 × 7 செ.மீ. அளவும் ஏறத்தாழ 30 நியூட்டன் எடையும் உடையது என்று கொண்டால், படுக்க வைக்கும்போது 220 சதுர செ.மீ. பரப்பில் சுமார் 1,360 பாஸ்கலும் (ஒரு பாஸ்கல் என்பது சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன்), நிறுத்தும்போது 70 சதுர செ.மீ. பரப்பில் சுமார் 4,290 பாஸ்கலும் கிடைக்கும். பள்ளமும் சரியாக மூன்று மடங்கு ஆழமாகும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மணல் அப்படிக் கணக்குப் பார்த்து இறங்குவதில்லை. எது ஆழம் என்பதைப் பார்த்தால் போதும்.

மறுமொழி (கீழக்கரை ஆசிரியை):
என் வகுப்பில் பிள்ளைகள் இடறியது அலகில்தான். சதுர செ.மீட்டரைச் சதுர மீட்டராக்க 10,000 ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் பாதிப்பேர் 100 ஆல் வகுத்திருந்தார்கள். மற்றபடி, கடல்பாசி எடுக்கப் போகும் தாய்மார்கள் விரல்களில் துணி சுற்றிக்கொள்வது ஏன் என்று கேட்டேன். பாறையின் கூர்முனை தரும் விசையைத் துணி அகலப் பரப்பி விடுகிறது என்ற பதில், அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவியிடமிருந்து வந்தது.

கேள்வி கேட்டவர்:
செங்கல் சோதனை நன்றாக நடந்தது, நன்றி. ஆனால் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பவர் ஒருவரின் மகன், “செவிப்பறை சிறியது, அதனால்தான் அங்கே அழுத்தம் அதிகமாகி வலிக்கிறதா?” என்று கேட்டுவிட்டான்.

மறுமொழி (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்):
நல்ல கேள்வி, செங்கல் பாடத்திலிருந்தே பிறந்த குழப்பம் இது. செங்கல்லில் விசை நிலையானது, பரப்பு மாறுகிறது. நீரிலோ ஆழம்தான் அழுத்தத்தை முடிவு செய்கிறது; செவிப்பறைக்கும் முதுகுக்கும் ஒரே ஆழத்தில் ஒரே அழுத்தம்தான். பரப்பால் பெருக்கினால் கிடைக்கும் விசைதான் முதுகில் அதிகம். கடல்நீரில் 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்தரைப் பாகம் (கடலாழத்தை அளக்கும் அளவு, ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) இறங்கினால், சதுர செ.மீட்டருக்குச் சுமார் 10 நியூட்டன், ஒரு கிலோ எடைக்கல் அமர்ந்ததுபோல, கூடுதலாகிறது. செவிப்பறைக்கு உட்புறத்துக் காற்றின் அழுத்தம் அதற்கு ஈடாக உயராதவரை பறை உள்நோக்கி வளைவதால்தான் வலி. எத்தனையாவது பாகத்தில் காது வலிக்கத் தொடங்குகிறது என்று அவனைத் தந்தையிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த ஆழத்தின் அழுத்தத்தை அவனே பலகையில் கணக்கிடட்டும்.