தவமா, ஆசனமா, மௌனமா: யாருக்கு எது ஒத்துவந்தது?

கும்பகோணம், கேட்பவர்:
யோகா என்ற பெயரில் ஆளுக்கு ஒன்று சொல்லித்தருகிறார்கள். எதைக் கற்றீர்கள், அங்கே யாரைச் சந்தித்தீர்கள், உடம்புக்கு என்ன ஆனது? விளம்பரம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

குத்தாலம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நான் மனவளக்கலைக்காரன். முட்டி மடங்காது, நாற்காலியில் உட்கார்ந்தே தவம், அதாவது தியானம், செய்கிறேன். வேதாத்திரி மகரிஷி வகுத்த முறையில் அதற்குத் தடையில்லை. முதலில் கை, கால், மூச்சு, கண் என்று எளியமுறை உடற்பயிற்சி. பிறகு புருவ மத்தியில் மனத்தை நிறுத்தும் ஆக்கினை தவம். அதில் சிலருக்குத் தலை கனக்கும். அப்போது மனத்தை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவம் செய்யச் சொல்வார்கள். ஏற்றிவிட ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். இறக்கத் தெரிந்தவரிடம்தான் கற்கவேண்டும் என்பது என் கட்சி.

மனவளக்கலை மன்றத்தில் பழக்கமான பெரியவர் ஒருவர், திருவாவடுதுறைக் கோயிலில் திருமூலர் சந்நிதிக்கு அழைத்துப்போனார். திருமூலரின் திருமந்திரத்தில், மூன்றாம் தந்திரத்தில் மூச்சுக்கு ஒரு கணக்கு உண்டு: மூச்சை இழுக்கும் பூரகம் 16, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளியே விடும் ரேசகம் 32, எல்லாம் மாத்திரை என்கிற கால அளவில். அந்தப் பாட்டை அங்கே நின்று ராகம் போட்டுப் பாடிவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இது பழகினவங்களுக்கு, சார். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கு, கும்பகமே வேண்டாம். நாலு எண்ணி இழுங்க, எட்டு எண்ணி விடுங்க, போதும்." வெளிமூச்சு நீண்டால் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும் என்று பிற்பாடு மருத்துவரும் சொன்னார். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது.

நாகப்பட்டினம், மீன் ஏற்றுமதித் தொழில்:
நமக்கு விபாசனா. பர்மாவில் கற்றுக்கொண்டு 1969இல் இந்தியா வந்த கோயங்கா பரப்பிய முறை. ஸ்ரீவிஜய அரசர் சூடாமணி விகாரம் கட்டிய ஊர் எங்களுடையது. ஆனாலும் பௌத்த தியானம் பழக சென்னை திருமுடிவாக்கத்துக்குத்தான் போனேன்.

10 நாள் முகாம். கட்டணம் கிடையாது, போனும் பேச்சும் கிடையாது. விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். நாலாம் நாளிலிருந்து உடம்பு முழுக்க உணர்ச்சியைப் பார்க்கவேண்டும். வலி, அரிப்பு எதுவானாலும் அசையாமல். எனக்குக் கோபம்தான் முதலில் மேலே வந்தது, யார் மேல் என்றே தெரியாத கோபம்.

பக்கத்து இருக்கைக்காரர் ஓயாமல் தொண்டையைச் செருமுவார். மனசுக்குள் அவரோடு ஒரு வழக்கே நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி நாள் மௌனம் விட்டதும் கேட்டால், அவர் திருமருகல்! எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம். இப்போது மாதாமாதம் பேசிக்கொள்கிறோம். செருமல் அப்படியேதான் இருக்கிறது.

மன நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், அண்ணா. அவ்வளவு நேரம் தனியாக மனசைப் பார்ப்பது எல்லோருக்கும் ஏற்றதல்ல.

திருத்துறைப்பூண்டி, விவசாயக் கூலி:
நாங்க கடைமடை. ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் தண்ணி ஆடி அசைஞ்சுதான் வரும். அதனால ஜூன் 21 யோகா நாளுக்கு எங்களுக்கு நேரம் இருந்துச்சு. பள்ளிக்கூடத் திடல்ல நிக்கவச்சு, குனிஞ்சு கால் விரலைத் தொடுங்கன்னாங்க. நாத்து பறிக்க, நட, களை எடுக்கன்னு அதைத்தானே காலமெல்லாம் செய்யறோம்! சொல்லிக்கொடுக்க வந்த பொண்ணு எங்க சிரிப்பைப் பார்த்துட்டு, "அப்ப நீங்க முன்னால குனியறதே வேண்டாம்க்கா"ன்னு சொல்லி, பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்குற புஜங்காசனம், முதலை மாதிரி படுக்குற மகராசனம், பாலம் மாதிரி இடுப்பைத் தூக்குற சேதுபந்தாசனம் மட்டும் காட்டுச்சு. நடவு முடிஞ்சு வந்து திண்ணையில படுத்துச் செய்யறேன். ராத்திரி திரும்பிப் படுக்கும்போது இடுப்பு பிடிக்கறதில்லை.

தஞ்சாவூர், இயன்முறை மருத்துவர்:
அந்தப் பெண் செய்ததுதான் சரி. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயலவேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்து 2017இல் அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்காக எல்லா ஆசனமும் எல்லா இடுப்புக்கும் என்று ஆகாது. வயதானவர்களுக்கு நான் பி.கே.எஸ். ஐயங்காரின் யோகா முறையைச் சொல்வேன்: நாற்காலி, பெல்ட், கட்டை, கயிறு வைத்து உடம்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்:
வீடியோ பார்த்துச் சிரசாசனம் போடுகிறேன். அப்பாவுக்கும் சொல்லித்தரலாமா? அவருக்குக் கண்ணில் கிளாக்கோமா, கண் அழுத்த நோய்.

தஞ்சாவூர், இயன்முறை மருத்துவர்:
கூடாது, தம்பி. தலைகீழாக நின்றால் கண்ணின் அழுத்தம் ஏறும். அப்பாவுக்கு மூக்கின் இரு துளைகளிலும் மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடி சுத்தியும், மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனமும் போதும். உங்கள் கழுத்தையும் ஒருமுறை ஆசிரியர் யாரிடமாவது காட்டுங்கள்.