போலோ ஜிடி: பழைய 1.2 டிஎஸ்ஜியா, புதிய 1.0 டிஎஸ்ஐயா?

பள்ளிக்கரணைக்காரன்:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி எடுக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2015 மாடல், 1.2 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்). நாலே முக்கால் லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று 2021 மாடல், 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக், ஏழரை லட்சம். ஆபீஸ் சிறுசேரியில், தினமும் மேடவாக்கம் வழியாக ஓஎம்ஆர். ஞாயிறு காலையில் ஈசிஆரில் ஒரு ரவுண்டு போக ஆசை. பழையதுதான் நிஜமான ஜிடி என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டையும் ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

குரோம்பேட்டை 999சிசி:
எங்கள் வீட்டில் 1.0 இருக்கிறது. மூன்று சிலிண்டர் என்பதால் சிக்னலில் நிற்கும்போது லேசான அதிர்வு தெரியும், கிளம்பிவிட்டால் தெரியாது. ஏசி போட்டுக்கொண்டு நாலு பேர் ஏறினாலும் இழுவை குறையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் ப்ரோ.

திருவான்மியூர் டர்போ:
தம்பி, பழைய 1.2 பல வருஷம் என்னிடம் இருந்தது. 1.0 என் மச்சானிடம் இருக்கிறது, அடிக்கடி வாங்கி ஓட்டுகிறேன்.

காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. 2013இல் வந்த 1.2க்கு 105 பிஎஸ் பவர், 2020இல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது அதன் இடத்துக்கு வந்த 1.0க்கு 110. டார்க், அதாவது இன்ஜினின் சுழற்று விசை, இரண்டுக்கும் அதே 175 என்எம். பழையதில் அது 1500 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 1500 சுற்று) கிடைத்துவிடும், புதியதில் 1750 ஆக வேண்டும். யூ டர்ன் போட்டு வெளியே வரும்போது அந்த அரை நொடித் தயக்கத்தை உணரலாம்.

கோவளம் தாண்டி ரோடு விரிந்ததும் 1.2க்கு ஈடே கிடையாது. ஒரு லாரியை முந்த மிதித்தால், அடுத்த கியர் ஏற்கனவே கோர்த்துத் தயாராக நிற்கும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அதனால் இழுவை அறுபடாமல் வேகம் ஏறும். நாலு சிலிண்டரின் அந்தச் சீரான சத்தத்துக்காகவே நான் ஜன்னலை இறக்கிவிடுவேன். 1.0 வேகத்தில் குறைந்ததில்லை, ஆனால் கியர் இறங்க ஒரு கணம் யோசிக்கும்.

ஆனால் உங்கள் வாழ்க்கை ஈசிஆரில் இல்லையே, மெட்ரோ வேலை நடக்கிற ஓஎம்ஆரில்தானே? பழையதில் இருப்பது ட்ரை கிளட்ச், எண்ணெய்க்குள் மூழ்காத தட்டுகள். நடக்கிற வேகத்தில் வண்டி ஊர்ந்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடாகும், தேயும். 1.0 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். ஊரும்போது எண்ணெய் வழியாகத்தான் விசை போகிறது, எவ்வளவு ஊர்ந்தாலும் தேய அங்கே தட்டு இல்லை. நம் ஊர் மே மாத வெயிலில், சோழிங்கநல்லூர் சிக்னலில், இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இன்னொன்று, போலோ 2022இல் இங்கே நின்றுபோனாலும் அந்த 1.0 இன்ஜின் குடும்பம் அதே கம்பெனியின் விர்ட்டஸ், டைகூன் கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக்குகளுக்குக் கை பழகியது. உங்களுக்கு 1.0தான் சரி. மனசு 1.2 பக்கம் இருக்கிற நானே சொல்கிறேன்.

பள்ளிக்கரணைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. இருந்தாலும் 2015ஐ ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் விட மனசில்லை. எதைக் கவனிக்க வேண்டும்? வண்டி வேளச்சேரியில் நிற்கிறது.

திருவான்மியூர் டர்போ:
தாராளமாக ஓட்டிப் பாருங்கள். ஆனால் காலியான ரோட்டில் ஓட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி கியர்பாக்ஸை நன்றாகச் சூடாக்குங்கள். அப்புறம் சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மெதுவாக விடுங்கள். வண்டி குலுங்காமல் சீராக நகர வேண்டும். சீட்டுக்கு அடியில் குலுங்கினாலோ, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதைத்தாலோ, கிளட்ச் செலவு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கத்திப்பாரா ஏற்றத்தில் நின்று கிளம்பியும் பாருங்கள்.

வேளச்சேரி வண்டி என்பதால் வெள்ளத்தையும் பார்க்கணும். 2015, 2023 இரண்டு டிசம்பரிலும் அங்கே தண்ணீர் நின்றது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்க்கணும். கழுவுகிறவர்கள் அது வரை இழுத்துக் கழுவுவதில்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தப் பள்ளத்தின் மூலையில் விரலை விட்டுத் தடவுங்கள், வண்டல் படிந்திருந்தால் கையில் ஒட்டும். முன் சீட்டின் தண்டவாளத்தை இறுக்கிய போல்ட்டுகளில் துரு இருந்தாலும் சந்தேகம்தான். டிஎஸ்ஜியின் எலக்ட்ரானிக் மூளை கியர்பாக்ஸோடு சேர்ந்தே கீழே இருக்கிறது, தண்ணீர் பார்த்த வண்டி என்றால் அதைத் தொடவே வேண்டாம். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இதே சோதனையை 2021 வண்டிக்கும் செய்யுங்கள், அதுவும் 2023 டிசம்பரைப் பார்த்த வண்டிதான்.