ராக்கிலிருந்து ஜாஸுக்கு: இசைத்தட்டுகளை எந்த வழியில் சேர்ப்பது?

சுழல்மேடை எழுதியது:

பதினைந்து ஆண்டுகளாக ராக் இசைத்தட்டுகளைச் சேர்த்துவருகிறேன். இப்போது ஏறத்தாழ நானூறு இருக்கும். ராக்கைப் பொறுத்தவரை சேர்க்கும் வழி எனக்கு ஒருபோதும் குழப்பமாக இருந்ததில்லை. ஒரு குழுவைப் பிடித்துவிட்டால், அக்குழு வெளியிட்டவற்றை வரிசையாகத் தேடி வாங்கி, அடுக்கில் நிறுத்திவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விடலாம். க்ரீம் குழுவை எடுத்துக்கொண்டால் 1966 முதல் 1969 வரை நான்கே ஆல்பங்கள். நான்கும் கைக்கு வந்ததும் மனம் நிறைந்துவிடுகிறது.

என்னை ஜாஸ் பக்கம் இழுத்தது ஸ்டீலி டான் என்ற ராக் குழுவின் 1977ஆம் ஆண்டு ஆல்பமான ‘ஏஜா’. அதன் தலைப்புப் பாடலின் நடுவே வரும் சாக்ஸபோன் தனியாவர்த்தனத்தையும், அதற்கு அடியில் ஸ்டீவ் காட் அடிக்கும் டிரம்ஸையும் கேட்டபின், இதைப் போன்றது இன்னும் எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் இரண்டு இடங்களில் தடுமாறி நிற்கிறேன்.

முதலாவது, ஜாஸில் குழு என்ற ஒன்றே பிடிபடவில்லை. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் என்று தொடங்கினால் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆட்களும் மாறுகிறார்கள், இசையும் மாறுகிறது. ஒருவர் பெயரில் மட்டும் பல டஜன் ஆல்பங்கள். ‘கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பங்கள்’ என்பன போன்ற பட்டியல்களைப் பார்த்து முப்பது தட்டுகள் வாங்கிவிட்டேன். அவற்றில் பாதியை ஒரு முறைக்கு மேல் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது, ஒரே ஆல்பத்துக்கு மோனோ (ஒற்றைத்தட ஒலி), ஸ்டீரியோ (இருதட ஒலி), முதற்பதிப்பு, மறுபதிப்பு, இரண்டு தட்டுகளாகப் பிரித்து நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும்படி வெட்டியது என்று இத்தனை வகைகள் இருக்கும்போது எதை வாங்குவது நியாயம்? முதற்பதிப்பைத் துரத்துவது காதுக்காகவா, பெருமைக்காகவா?

---

பின்னட்டை எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கான விடை உங்களிடமே இருக்கிறது; ‘ஏஜா’வில் சாக்ஸபோன் வாசித்தவர் யார் என்று உறையில் பாருங்கள். அவர் வேய்ன் ஷார்ட்டர். ராக்கில் அட்டையின் முகப்பில் உள்ள பெயரைப் பின்தொடர்ந்தால் போதும். ஜாஸில் பின்னட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயர்களைப் பின்தொடர வேண்டும். பெரும்பாலான ஜாஸ் ஆல்பங்கள் ஒன்றிரண்டு நாட்களில் ஸ்டுடியோவில் கூடிப் பதிந்தவை. இன்று தலைவராக இருப்பவர் அடுத்த வாரம் இன்னொருவரின் ஆல்பத்தில் பக்கவாத்தியமாக இருப்பார். தலைவரின் பெயரைக் கொண்டு அடுக்குகிறவருக்கு இந்த உறவுகள் கண்ணில் படுவதே இல்லை.

ஷார்ட்டரையே எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 24 அன்று அவர் தம் பெயரில் ‘ஸ்பீக் நோ ஈவில்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். டிரம்பெட் ஃப்ரெடி ஹப்பர்ட், பியானோ ஹெர்பி ஹான்காக், பாஸ் ரான் கார்ட்டர், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். ஹான்காக்கும் கார்ட்டரும் அப்போது ஷார்ட்டரோடு மைல்ஸின் குழுவில் இருந்தவர்கள். ஜோன்ஸோ சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவைச் சேர்ந்தவர். இதற்குப் பதினைந்து நாள் முன்பு, டிசம்பர் 9 அன்று, நியூ ஜெர்சியில் இங்கில்வுட் கிளிஃப்ஸ் என்னும் ஊரிலுள்ள அதே ஸ்டுடியோவில், அதே ரூடி வான் கெல்டர் ஒலிப்பதிவாளராக இருக்க, ஜோன்ஸ் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்துக்கு வாசித்தார். இந்த இரண்டு தட்டுகளையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே மனிதர் ஒன்றில் புயலாகவும் மற்றொன்றில் அடங்கிக் கனலும் நெருப்பாகவும் இருப்பது தெரியும். எந்த ‘நூறு ஆல்பங்கள்’ பட்டியலும் இதைக் காட்டாது, ஏனென்றால் அங்கே ஒன்று ஏழாம் இடத்திலும் மற்றொன்று நாற்பதாம் இடத்திலும் தொடர்பில்லாமல் கிடக்கும்.

க்ரீம் குழுவிலிருந்தும் ஒரு வழி போகிறது, அது ராக் காதுக்கு இன்னும் நேரானது. அக்குழுவின் பாஸ் கலைஞரான ஜாக் புரூஸ், 1970இல் டோனி வில்லியம்ஸ் லைஃப்டைம் குழுவின் ‘டர்ன் இட் ஓவர்’ ஆல்பத்தில் வாசித்தார். வில்லியம்ஸ் பதினேழு வயதில் மைல்ஸின் குழுவுக்குள் டிரம்ஸ் கலைஞராக நுழைந்தவர். அவருடைய முந்தைய ஆல்பமான ‘எமர்ஜென்சி!’ 1969இல் வந்தது. கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், ஆர்கன் லாரி யங். மூவரும் எழுப்பும் சத்தத்தை ராக் என்பதா ஜாஸ் என்பதா என்று அன்றைக்கே பலருக்கும் தெரியவில்லை. அந்தக் குழுவுக்காக இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வந்த மெக்லாஃப்லின், வந்த சில நாட்களிலேயே 1969 பிப்ரவரியில் மைல்ஸின் ‘இன் எ சைலண்ட் வே’ பதிவில் அமர்ந்துவிட்டார். அங்கிருந்து மைல்ஸின் ‘பிட்செஸ் ப்ரூ’, பிறகு மெக்லாஃப்லின் தொடங்கிய குழுவான 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’. அதன்பின் மெக்லாஃப்லின் மின்கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம் ஆகியவற்றோடு உட்கார்ந்த ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம் 1976இல் வெளியானது. க்ரீமில் புறப்பட்டவர் ஆறேழு தட்டுகளில் கடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். இடையில் ஒரு கண்ணிகூட அறுவதில்லை.

முப்பது தட்டுகளில் பாதியைக் கேட்கவில்லை என்று வருந்தவேண்டாம். ஆறு மாதத்துக்குப் புதிதாக எதையும் வாங்காமல், இருக்கும் முப்பதின் பின்னட்டைகளையும் வாசித்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ஒரு நோட்டில் குறியுங்கள். பால் சேம்பர்ஸ் என்ற பாஸ் கலைஞரின் பெயர் குறைந்தது நான்கு தட்டுகளிலாவது இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

---

மோனோப்பித்தன் எழுதியது:

நண்பர் பின்னட்டையோடு எனக்கு முதற்பாதியில் சண்டை இல்லை. இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்.

முதற்பதிப்பு எப்போதும் சிறந்தது என்பதும் பொய், வெறும் பெருமை என்பதும் பொய். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அதன் வரலாற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். மைல்ஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் பதிவானது. மார்ச் மாதப் பதிவில் முதன்மை நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி சற்று ஏறி ஒலித்தன. உடன் ஓடிய மாற்று இயந்திரத்தின் நாடாவைக் கொண்டு 1990களில்தான் இதைத் திருத்தினார்கள். ஆகவே அந்த ஆல்பத்தின் முதற்பதிப்பைத் துரத்திப் பிடித்தவர் துரத்திப் பிடித்தது தவறான சுருதியைத்தான்! அதோடு சேர்ந்து வாசித்துப் பழக முயன்றவர்கள் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இதற்கு நேர்மாறானது லெட் செப்பெலினின் இரண்டாம் ஆல்பம். 1969இல் ஒலிப்பொறியாளர் பாப் (ராபர்ட்) லட்விக் வெட்டிய தட்டில் அடித்தொனி அத்தனை வலுவாக இருந்ததால், சாதாரணப் பிளேயர்களில் ஊசி காடியை, அதாவது அது ஓடும் பள்ளத்தை, விட்டுத் துள்ளியது. பிறகு அடக்கி வெட்டிய பதிப்புகளே பரவின. இங்கே முதற்பதிப்பைத் தேடுவதற்குக் காதின் நியாயம் உண்டு. கடைசிப் பாட்டின் காடி முடியும் இடத்துக்கும் நடுலேபிளுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே ‘ஆர்.எல்.’ என்று லட்விக் கீறிய எழுத்துகள் இருந்தால் அது அந்த முதற்பதிப்புதான். 1960களின் நடுப்பகுதி வரையிலான, ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டுகளில் அதே இடத்தில் வான் கெல்டரின் முத்திரையும், தட்டை அச்சிட்ட ஆலையின் காது வடிவக் குறியும் இருக்கும். பதிப்பு ஆண்டு என்று உறை சொல்வதைவிட இந்த வளையம் சொல்வதையே நான் நம்புவேன். உறைகளை மாற்றிப் போட்டுவிடலாம், கீறலை மாற்ற முடியாது.

மோனோவா ஸ்டீரியோவா என்பதற்கும் இதே பதில்தான். பீட்டில்ஸின் 1967ஆம் ஆண்டு ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு அவர்கள் உடனிருந்து கவனம் செலுத்தியது மோனோ கலவைக்கு. ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாடல் மோனோவில் ஸ்டீரியோவைவிட வேகமாகவும் சுருதி உயர்ந்தும் ஓடுகிறது. இரண்டும் இரண்டு பாடல்கள் போலவே இருப்பதால், இரண்டையும் வைத்திருப்பதை வீண்செலவு என்று நான் கருதமாட்டேன். ஆனால் 1970களின் ராக்கில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் 1968 வாக்கில் பெரிய நிறுவனங்கள் மோனோவைக் கைவிட்டுவிட்டன.

---

ஊசிமுனை எழுதியது:

இருவரும் சொல்லாமல் விட்ட ஒன்று தட்டின் நிலை. பழைய தட்டுகளை விற்பவர்கள் பயன்படுத்தும் தரவரிசைச் சொற்களில் ‘குட்’ என்பது நல்லது என்று பொருள்படாது. இரைச்சலும் கீறலும் நிறைந்த, வேறு வழியில்லாவிட்டால் மட்டும் வாங்கத்தக்க தட்டு என்று பொருள். ‘வெரி குட் ப்ளஸ்’ என்ற நிலைக்குக் கீழே ஜாஸ் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ராக்கில் கிட்டாரின் உறுமல் சில சடசடப்புகளை மறைத்துவிடும். பில் எவன்ஸின் பியானோ ஓயும் இடத்தில் அதே சடசடப்பு முகத்தில் அறையும். ஒரு முறை பளபளவென்று இருந்த தட்டை நம்பி வாங்கினேன். பல ஆண்டுகள் பி.வி.சி. பிளாஸ்டிக் உள்ளுறையில் கிடந்ததால் பரப்பு முழுவதும் மெல்லிய மூட்டம் படிந்து, எத்தனை கழுவியும் சீறல் போகவில்லை. வாங்கிய அன்றே உள்ளுறையை மாற்றிவிடுவதை அதன்பின் வழக்கமாக்கிக்கொண்டேன்.

45 சுற்றுப் பதிப்புகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வழக்கமான 33⅓ சுற்றில் தட்டின் வெளிவிளிம்பில் காடி ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுவதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் சிம்பல்களும் பித்தளை வாத்தியங்களும் பிசிறடிக்கின்றன. 45 சுற்றில் வெட்டினால் இந்தக் குறை வெகுவாகத் தணிகிறது என்பதால், வாய்ப்புள்ள இடத்திலெல்லாம் நான் அதையே தேர்ந்தெடுக்கிறேன்.

---

பின்னட்டை எழுதியது:

கணக்கு சரி, ஆனால் இசை கெடுகிறதே! கோல்ட்ரேன் இறைவனுக்குக் காணிக்கையாகப் படைத்த ‘எ லவ் சுப்ரீம்’ நான்கு பகுதிகள் கொண்டது, பக்கத்துக்கு இரண்டு. இரண்டாம் பகுதி முடிந்து எழுந்து தட்டைத் திருப்பும் அந்த ஒரு நிமிடம் அதன் அமைப்புக்குள்ளேயே அடங்கியது. மூன்றாம் பகுதியின் இறுதியில் ஜிம்மி கேரிசனின் தனி பாஸ் அப்படியே நான்காம் பகுதிக்குள் வழிந்து போகிறது. இதை நான்கு பக்கங்களாக வெட்டினால் அந்த வழிதல் எங்கே போகும்? நான் சிறிது பிசிறைப் பொறுத்துக்கொள்வேன், தொழுகையின் நடுவில் எழுந்துபோக மாட்டேன்.

---

சுழல்மேடை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பின்னட்டை சொன்னபடி நோட்டுடன் உட்கார்ந்தேன். பால் சேம்பர்ஸ் ஐந்து தட்டுகளில் இருக்கிறார், பந்தயம் உங்களுடையது. கூடவே ராக் அடுக்கையும் குடைந்தபோது ஒன்று அகப்பட்டது. ரோலிங் ஸ்டோன்ஸின் 1981ஆம் ஆண்டு ‘டாட்டூ யூ’ என்னிடம் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அதன் கடைசிப் பாட்டில் வரும் சாக்ஸபோன் மெட்டை எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறேன்; வாசித்தவர் ஜாஸ் கலைஞர் சோனி ராலின்ஸ் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. வாங்குவதை நிறுத்தும் விரதத்துக்கு ஒரே ஒரு விலக்கு தருவீர்களானால், ராலின்ஸில் எதை முதலில் எடுப்பது? எல்லோரும் 1956இல் பதிவான ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ என்கிறார்கள்.

---

பின்னட்டை எழுதியது:

அது மாபெரும் ஆல்பம், அதில் ஐயமில்லை. இருந்தாலும் உங்கள் காதுக்கு 1962இல் வந்த ‘தி பிரிட்ஜ்’ ஆல்பத்தைச் சொல்வேன். புகழின் உச்சியில் இருந்தபோதே மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று தனியாகச் சாதகம் செய்துகொண்டிருந்த ராலின்ஸ், திரும்பி வந்ததும் வெளியிட்டது இது. பியானோ கிடையாது, அந்த இடத்தில் ஜிம் ஹாலின் கிட்டார். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த காது அந்நியப்படாமல் நிற்க அது போதும். அதே ஆண்டில் ஜிம் ஹாலும் பில் எவன்ஸும் இருவர் மட்டுமாக வாசித்துப் பதிந்த ‘அண்டர்கரண்ட்’ ஒன்று இருக்கிறது. அதை இப்போது வாங்காதீர்கள், நோட்டில் மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பந்தயப் பணத்துக்குப் பதிலாக ‘தி பிரிட்ஜ்’ இரண்டாம் பக்கம் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள்.