கானா, டெமாவில் வேலை: குடும்பத்தோடு போகலாமா, முதலில் நான் மட்டும் போகவா?

ஸ்பேனர்காரன்:
வணக்கம். உருக்காலையில் பராமரிப்புப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். கானாவில் டெமா துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆலையிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம், வீடும் வண்டியும் கம்பெனியே தரும். சம்பளம் கானா நாணயமான செடியில் என்று போட்டிருக்கிறார்கள், இன்றைய மதிப்பில் மாற்றிப் பார்த்தால் இப்போது வாங்குவதைப் போல இரண்டரை மடங்கு வருகிறது. மனைவி சுத்த சைவம், மகளுக்கு ஆறு வயது. மலேரியாவை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. விசிட் விசாவில் வந்துவிடுங்கள், வொர்க் பர்மிட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார், அது சரிதானா? குடும்பத்தைக் கையோடு கூட்டிப் போகலாமா? அங்கே இருந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பத்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

டெமா ஏழு வருஷம்:
தம்பி, முதலில் ஏஜென்ட் விஷயம். விசிட் விசாவில் போய் வேலையில் நிற்கவே நிற்காதீர்கள். அது அங்கே சட்ட மீறல், குடிவரவுத் துறை சோதனைக்கு வந்து பிடித்தால் அபராதம், நாடு கடத்தல் வரை போகும், அந்த நேரத்தில் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ள கம்பெனிக்குக் கோட்டா இருக்க வேண்டும். அந்தக் கோட்டாவில் உங்கள் பெயருக்கு வொர்க் பர்மிட், அதை வைத்து ரெசிடென்ஸ் பர்மிட், அப்புறம் வெளிநாட்டவருக்கான கானா கார்டு என்ற அடையாள அட்டை. பேங்க் கணக்கு, சிம், மொபைல் மனி என்று எதற்குப் போனாலும் அந்தக் கார்டைத்தான் கேட்பார்கள். உங்களுக்குக் கோட்டாவில் இடம் இருக்கிறதா என்று கம்பெனியிடம் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

பாஸ்போர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பர்மிட்டுக்கு என்று வாங்கியவர்கள் பர்மிட் வந்த பிறகும் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று போன் வந்த அன்று கேட்டேன், கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. அப்பா பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த ஒன்பது ராத்திரியை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் கொடுக்கும்போதே தேதி போட்டு எழுதி வாங்குங்கள், பர்மிட் ஒட்டியதும் திருப்பி வாங்குங்கள்.

சம்பளம் முழுக்க செடியில் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு சுமார் 6 செடி, அதே வருடம் நவம்பரில் 13ஐத் தாண்டியது. டிசம்பரில் விலைவாசி உயர்வு 50 சதவீதத்துக்கு மேல். செடியில் சம்பளம் வாங்கியவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் கண்ணெதிரே பாதியாகக் கரைந்தது. அதன் பிறகு செடி ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது, நம்பி உட்கார முடியாது. வீட்டுச் செலவுக்கு மட்டும் செடி, மீதியை டாலர் கணக்கில் என்று கேளுங்கள், அனுபவமுள்ள ஆளுக்குக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் பதில் வாடகைப் பணம் தருகிறோம் என்று பேச்சு மாறினால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஆறு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று 1963லிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மொத்தமாகக் கேட்பார்கள்.

அம்மு அம்மா:
அண்ணா, நான் நாலு வருடம் தலைநகர் அக்ராவில் இருந்தேன், போகும்போது என் பெண்ணுக்கு ஐந்து வயது. சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். வெண்டைக்காய், மரவள்ளி, வாழைக்காய், முட்டை மாதிரி வெள்ளையாக ஒரு கத்தரிக்காய், சேம்பு இனத்தில் கொன்டொமிரே என்று ஒரு கீரை, எல்லாம் சந்தையில் கிடைக்கும். பருப்பு, புளிக்கு அக்ராவில் இந்தியக் கடைகள் உண்டு, விலைதான் கூட. வெளியில் சாப்பிடும்போது மட்டும் அண்ணி கவனமாக இருக்க வேண்டும், கீரைக் குழம்பில்கூடக் கருவாடோ மீனோ இருக்கும்.

மலேரியாவைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன். நாங்கள் அங்கே போய் ஆறாவது மாதம், பள்ளியிலிருந்து வந்த என் பெண் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சுருண்டு படுத்தாள். ராத்திரி எட்டு மணிக்கு 103 டிகிரி. நான் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். எதிர் வீட்டு அக்கா எஃபுவா எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் காய்ச்சலை ராத்திரி தங்க விடக்கூடாது என்று தன் காரிலேயே கிளினிக்குக் கூட்டிப் போனார். விரலில் ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் டெஸ்ட் பட்டையில் இரண்டு கோடு, மலேரியாதான். ஆர்டிமீதர் லூமஃபான்ட்ரின் என்ற மலேரியா மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை, பாலோடு கொடுங்கள், கொழுப்பு இருந்தால்தான் மருந்து உடம்பில் சேரும் என்றார்கள். இரண்டாம் நாளே ஓடி விளையாடினாள், ஆனாலும் ஆறு வேளையும் கொடுத்து முடித்தேன். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபேரம் என்ற கடுமையான மலேரியா வகை, தாமதித்தால் மூளை வரை போகும். ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்கு மருந்திட்ட கொசுவலை, பொழுது சாய்ந்தால் முழுக்கைச் சட்டை. தடுப்பு மாத்திரை எது, எத்தனை நாள் என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு.

மனிதர்களைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். எதைக் கேட்பதற்கு முன்னாலும் வணக்கம் சொல்ல வேண்டும், நேராக "தக்காளி என்ன விலை" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். இடது கையால் காசு நீட்டக்கூடாது, அது நமக்குப் புதிதில்லை. கிளம்பும்போது ஆங்கிலத்தில் "ஐயம் கமிங்" என்பார்கள். முதலில் குழம்பினேன், அப்புறம் பார்த்தால் நம் "வர்றேன்" அதேதான். பிறந்த கிழமையை வைத்துப் பெயர் உண்டு, வெள்ளிக்கிழமை பிறந்தால் பையன் கோஃபி, பெண் எஃபுவா. என் பெண் சனிக்கிழமை பிறந்தவள், தெருவே அவளை அமா என்றுதான் கூப்பிட்டது. இந்தியர்கள் மட்டும் கூடும் வட்டத்துக்குள்ளேயே அண்ணியை வைத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி கார் எடுத்தது அந்த வட்டத்தில் இருந்தவர்கள் இல்லை.

திரும்பி வந்தவன்:
சகோ, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் கானாவுக்குள் விட மாட்டார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட வேண்டும், அதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் புத்தகம் ஆயுள் முழுக்கச் செல்லும். ஊருக்கு விடுமுறைக்கு வரும்போதும் கையில் இருக்கட்டும், அங்கிருந்து வருபவர்களிடம் அது இல்லையென்றால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம்.

நான் ஒப்பந்தம் முடிந்து வந்து மூன்றாவது வாரம் காய்ச்சலில் விழுந்தேன். வைரல் என்று ஒரு மருத்துவமனையில் நாலு நாள் ஊசி போட்டார்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கண் மஞ்சளான பிறகுதான் மலேரியா டெஸ்ட் எடுத்தார்கள். திரும்பி வந்து பல மாதம் ஆனாலும் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தேன் என்று சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், நீங்கள் பேச முடியாத நிலையில் அவர் சொல்லட்டும்.

ஸ்பேனர்காரன்:
எல்லோருக்கும் நன்றி, மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். கோட்டா பற்றியும் டாலர் பற்றியும் கம்பெனிக்கு இன்றே மெயில் போட்டுவிட்டேன். பர்மிட் கைக்கு வராமல் கிளம்புவதாக இல்லை. வந்ததும் முதலில் நான் மட்டும் போகிறேன். டெமா அண்ணா, இவர்களை எந்த மாதம் கூட்டி வருவது நல்லது? கரண்ட் எப்படி?

டெமா ஏழு வருஷம்:
ஆகஸ்டில் கூட்டி வாருங்கள். அக்ரா பக்கம் வருடத்திலேயே குளிர்ச்சியான மாதம் அது, பெரிய மழையும் ஓய்ந்திருக்கும், செப்டம்பரில் பள்ளி திறக்க நேரம் இருக்கும். ஜூன் வேண்டாம், மழைக்குத் தெருவெல்லாம் வெள்ளம் நிற்கும். டிசம்பரில் ஹார்மட்டான் காற்று சகாராவிலிருந்து தூசியை அள்ளிக்கொண்டு வரும், குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் அதையும் யோசியுங்கள். கரண்ட் நம் ஊரைப் போல 230 வோல்ட், ஆனால் போய்ப் போய் வரும், அதற்கு டம்சோர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள், டம் என்றால் விளக்கை அணைப்பது, சோர் என்றால் ஏற்றுவது. கம்பெனி வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறதா, டீசல் யார் செலவு என்று அந்த மெயிலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டெபிலைசர் போடுங்கள். வண்டி அங்கே சாலையின் வலது பக்கம் போகும், முதல் இரண்டு வாரம் நீங்கள் ஓட்டாமல் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.