புதுப்பிப்பு: கறுப்பு காருக்கு வாக்ஸா, சீலன்ட்டா?

மதுரை வெயிலில் நிற்கும் என் கறுப்பு காருக்கு பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் பூச கார்னோபா வாக்ஸா, செயற்கை சீலன்ட்டா (பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு) என்று போன மாதம் கேட்டிருந்தேன். பானெட்டில் பாதிக்குப் பாதி போட்டுப் பார்த்துவிட்டேன்.

முதல் வாரம் வாக்ஸ் பக்கம்தான் அழகு. கார்னோபா என்பது பிரேசில் பனையோலை மெழுகு, கறுப்புக்கு ஒரு ஆழம் தருகிறது. மூன்றாவது வாரம் அங்கே வாக்ஸ் தேய்ந்து, தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவியது. சீலன்ட் பக்கம் இன்னும் உருண்டோடுகிறது.

வட்டக் கீறல்கள் (பழைய பனியனால் துடைத்த புண்ணியம்) இரு பக்கமும் போகவில்லை. அதைத் தேய்த்து எடுப்பது பாலிஷின் வேலை. பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர்கோட்டையும் கொஞ்சம் தின்னும் என்பதால் ஒரே முறை, லேசாகச் செய்தேன். அப்புறம் கார் முழுக்க சீலன்ட்தான். பொங்கலுக்கு மட்டும் மேலே கொஞ்சம் வாக்ஸ் பூசலாம் என்றிருக்கிறேன்.